வோல்டரின் இரண்டாவது குண்டு

1994 ஒக்ரோபர் 2, ஞாயிறு

விடிய மழை. எட்டு மணிக்கு வெளித்தது. சரியான காற்று.

இன்று அம்மாவின் புது வேலைக்கு நானும் போனேன். விட்பி ஊருக்கு அங்காலே, வயல்களுக்கு நடுவில் ஒரு கிளப். அம்மா மத்தியானச் சாப்பாடு சமைக்க, நான் பக்கத்தில் நின்று இங்கிலீஷ் சொல்ல. தம்பி கண்ணன் பக்கத்து வீட்டு அன்ரியிடம்.

அப்பாவிடம் அம்மா சொன்னது: வயது போன ஆட்களின் கிளப். பொய் இல்லை. அறுபதுக்குக் குறைந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. சொல்லாமல் விட்டது: அவர்கள் துவக்குச் சுடுகிறவர்கள். அம்மாவுக்கே போன கிழமை அங்கே போன பிறகுதான் தெரியும். எனக்கு இன்று காரில்தான் சொன்னார்.

அப்பாவுக்குத் துவக்கு என்ற சொல்லே ஆகாது. கனடாவுக்கு வந்த அன்று விமான நிலையத்தில் வைத்துச் சொன்னவர்: "இனித் துவக்கு இருக்கிற பக்கம் நாங்கள் தலை வைச்சும் படுக்கிறேல்லை."

அம்மா: "கொப்பாட்டைச் சொல்லிப்போடாதை. நான் நேரம் பாத்துச் சொல்லுறன்."

முதல் வெடிக்கு நான் மேசைக்குக் கீழே. எப்படிப் போனேன் என்று தெரியாது. கையில் பாதி தோல் சீவிய உருளைக்கிழங்கு. அம்மா குனிந்து உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சீவினார்.

பழைய காலத்துத் துவக்குகள். தோட்டா கிடையாது. ஒவ்வொரு வெடிக்கும் குழலின் வாய்ப்பக்கத்தால் கருமருந்து என்கிற வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணி வைத்து, ஈயக் குண்டு வைத்து, நீளக் கோலால் அடிவரை தள்ள வேண்டும். ஒரு வெடிக்கு மூன்று நிமிடம். ஒருவருக்கும் அவசரம் இல்லை.

ஆட்கள்:
எட்னா. சுடுகிற இடத்துக்குப் பொறுப்பு. கழுத்தில் விசில். அம்மாவை வேலைக்கு எடுத்தவர். எங்களை மல்வேர்னில் வீட்டுக்கே வந்து ஏற்றி இறக்குவதும் அவர்தான்.
வோல்டர். எட்னாவின் கணவர். உயரம். காரில் முன் சீற்றை அம்மாவுக்கு விட்டுவிட்டு முழங்கால் மடங்கப் பின்னால் இருக்கிறார்.
பெர்ட். ஒரு கண்தான் தெரியும்.
ஜோர்ஜ். கண் நல்லது. கை நடுங்கும்.
இன்னும் பத்துப் பேர் வரை. பெயர் பிடிபடவில்லை.

ஜோர்ஜின் துவக்குக்கு, மருந்தைப் பற்றவைக்கிற சின்னச் செப்புத் தொப்பியை மாட்டிவிடுவது பெர்ட். பெர்ட்டின் குண்டு குறி அட்டையில் எங்கே பட்டது என்று பார்த்துச் சொல்வது ஜோர்ஜ். (அவர்கள் பேசுவது இங்கிலீஷ். நான் தமிழில் எழுதுகிறேன். கண்ணனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், ஆனால் என் கணக்குக் கொப்பியைத் தொடமாட்டார்.)

எட்னா: "ரெண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள்."
பெர்ட்: "முக்கால் ஆள். ஜோர்ஜுக்குக் காதும் கேக்காது."
ஜோர்ஜ்: "என்னவாம்?"

சுட முன்னர் எட்னா எல்லோரையும் கூப்பிட்டு விதிகள் வாசித்தார். குசினி ஆட்களான எங்களையும். பிழையாக ஏதும் கண்டால் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று கத்தலாம். கத்தினவரிடம் ஏன் என்று முதலில் கேட்கக் கூடாது. முதலில் நிறுத்த வேண்டும். நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா: "நாங்கள் ஏன் கத்தப் போறம்."

மருந்து போடாமல் குண்டை மட்டும் போட்டுவிட்டால் அது வெடிக்காது. உள்ளே இறுகி நிற்கும். அப்படிச் செய்தவருக்குக் கூரையில் தொங்கும் மாட்டு மணியை அடிப்பார்கள். அன்று முழுக்கக் கோப்பை கழுவுவது அவர். இன்று பெர்ட்டுக்கு மணி. ஏதோ பரிசு வாங்கப் போகிறவர் மாதிரித் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.

பின்னேரம் அம்மாவுக்கும் அவர்களுக்கும் சண்டை. துவக்குக் குழலைச் சுடுதண்ணீரிலும் சோப்பிலும் கழுவ வேண்டுமாம். கறுப்புத் தண்ணீர், கூழ்முட்டை மணம். அம்மா சிங்குக்கு முன்னால் கை விரித்து நின்றார். "சொல்லு பிள்ளை, என்ர சிங்கிலை துவக்குக் கழுவ ஏலாது எண்டு." சொன்னேன். பதினாலு கிழவர்களும் வாளிகளோடு பேசாமல் வெளியே போனார்கள். அம்மா சிரித்தார். அம்மா இப்படிச் சிரித்துக் கனகாலம்.

ஒக்ரோபர் 4, செவ்வாய்

குளிர். கணக்கு ரெஸ்ற். பரவாயில்லை.

அப்பா சாப்பிடும்போது: "கிளப்பிலை கிழடுகள் என்ன செய்யுதுகள்? காட்ஸ் விளையாடுதுகளோ?"
அம்மா: "பழைய சாமான் துடைக்கினம்."
நான் தண்ணீர் குடித்தேன்.

அவர்களைப் பற்றி எழுத வேண்டும் போல இருக்கிறது. துவக்கு பிடித்தவர்கள் என்றால் எனக்குத் தெரிந்தது கத்துகிறவர்கள். இவர்கள் கத்துவதில்லை. துவக்கின் வாயை மனிதர் பக்கம் ஒரு தடவையும் திருப்பவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவையும் இல்லை.

ஒக்ரோபர் 9, ஞாயிறு

வெயில். மேப்பிள் எல்லாம் சிவப்பு. கிளப்பில் வான்கோழி, ஏனென்றால் நாளை தாங்ஸ்கிவிங்.

பயத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். வெடி எப்போது வரும் என்று தெரிந்தால் அவ்வளவு பயம் இல்லை. குசினி யன்னலுக்கு நேரே வோல்டரின் மேசை. அவர் செய்வதை எண்ணினேன்.

1. குழலைத் துடைப்பது
2. மாட்டுக் கொம்பிலிருந்து சின்ன அளவுக் குழாய்க்கு மருந்து
3. அதைக் குழலுக்குள் கொட்டுவது
4. துணி
5. குண்டு
6. கோலால் தள்ளுவது
7. கோலை எடுப்பது
8. சுடுகிற கோட்டுக்கு நடப்பது
9. செப்புத் தொப்பி
10. வெடி

ஒன்பதில் காதைப் பொத்துவேன். அவருடைய வெடிக்கு ஒரு தடவையும் மேசைக்குக் கீழே போகவில்லை. வோல்டரின் கை அழகாக வேலை செய்கிறது. ஒரு துகள் சிந்தாது. அம்மா கடுகு அளக்கிற மாதிரி.

இனி எழுதப்போவதுதான் விசயம்.

மத்தியானத்துக்குப் பிறகு வோல்டர் 2, 3 செய்தார். யாரோ பின்னால் தும்மினார்கள். திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடியும் 2, 3. இரண்டு தரம் மருந்து.

நான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

வெடி பெரிதாக வந்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வோல்டரின் தொப்பி பின்னால் விழுந்தது. புகை இரண்டு மடங்கு.

பெர்ட்: "வோல்டர், ஆனைக்குச் சுட்டனீயோ?"
எல்லோரும் சிரித்தார்கள். வோல்டரும் சிரித்தார். தோளைத் தேய்த்தார். எட்னா மற்றப் பக்கம் நின்றார்.

காரில் வரும்போது எட்னா அம்மாவிடம்: பனி விழுந்தாலும் வேலை இருக்கு, மாரி முழுக்க ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இருக்கு. நான் மொழிபெயர்த்தேன். அம்மா வழி முழுக்க விரலால் மடியில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

ஒக்ரோபர் 10, திங்கள்

லீவு. அம்மா கிளப்பில் தந்த வான்கோழி மிச்சத்தைப் பிரட்டல் கறி வைத்தார். கண்ணன் மூன்று தரம் சாப்பிட்டான்.

யோசனை:
ஒருவேளை அவர் வேண்டுமென்றே இரண்டு தரம் போட்டிருக்கலாம். இல்லை. கை அதே மாதிரி அளந்தது. முதல் தரம் போடாதவர் மாதிரி.
சொன்னால்: எட்னாவிடம் அவருடைய புருசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு வேலை தந்தவரே எட்னா. கோபம் வந்தால் அம்மா இனிக் காரில் தாளம் போடமாட்டார்.
சொல்லாவிட்டால்: அடுத்த தரம் குழல் வெடித்தால். அவருடைய முகம் குழலுக்குப் பக்கத்தில்.

ஒக்ரோபர் 13, வியாழன்

மழை. பஸ்சில் சப்பாத்து நனைந்தது.

பள்ளிக்கூட வாங்கில் குந்தியிருந்து இங்கிலீஷ் வசனம் எழுதிப் பார்த்தேன். 'மன்னிக்கவும், உங்கள் கணவர் மறக்கிறார்.' அடித்தேன். 'மன்னிக்கவும், நான் ஒன்று கண்டேன்.' இதை விட்டிருக்கிறேன்.

இரவு அம்மா உடுப்பு மடிக்கும்போது கிட்டப் போனேன். "அம்மா." "என்னடி?" "ஒண்டுமில்லை." "பசிக்குதோ?" "இல்லை."

ஒக்ரோபர் 16, ஞாயிறு

முகில். காற்று இல்லை. புகை போகாமல் அங்கேயே நின்றது.

வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் எட்னாவிடம் சொல்லத்தான் போனேன். எட்னா அட்டை குத்திக்கொண்டு நின்றார். "என்ன கண்ணு?" என்றார். "கரட் எங்கை இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

பதினொரு மணி. யன்னல். வோல்டர் 1, 2, 3, 4, 5, 6, 7. எல்லாம் சரி. எட்டுக்கு நடக்க வேண்டும். அந்த நேரம் ஜோர்ஜ் வந்தார். இருவரும் காது மூடியைத் தூக்கிவிட்டுச் சத்தமாகப் பேசினார்கள்.

"இண்டைக்கு என்ன சூப்?"
"போன கிழமை சூப்தானாம்."
"உறைப்போ?"
"உனக்குக் கண்ணீர் வந்தது. நான் பாத்தனான்."
"அது பெர்ட் சுட்ட புகை."

இருவரும் சிரித்தார்கள். ஜோர்ஜ் போய்விட்டார். வோல்டர் சிரித்துக்கொண்டே துணியை எடுத்தார். 1. கொம்பை எடுத்தார். 2. 3. பிறகு துணி. பிறகு குண்டு.

உள்ளே ஏற்கெனவே மருந்தும் குண்டும். அதற்கு மேலே இன்னொரு மருந்தும் இன்னொரு குண்டும்.

அவருடைய கோலில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. சரியாகப் போட்டால் நூல் குழலின் வாயோடு நிற்கும். ஒவ்வொரு தரமும் கண்டிருக்கிறேன். இப்போது மூன்று விரல் உயரத்தில் நின்றது. அவர் பார்க்கவில்லை. இன்னும் ஜோர்ஜின் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். 7. கோலை எடுத்தார்.

எட்டில் நடக்கத் தொடங்கினார்.

நான் கதவைத் திறந்து ஓடினேன். "நிப்பாட்டுங்கோ" என்று கத்தினேன். தமிழில். எந்த மொழியில் கத்தினாலும் ஒன்றுதான். எல்லோர் காதிலும் சத்தம் தடுக்கிற மூடி. ஒருவரும் திரும்பவில்லை. எட்னா வரிசையின் மற்றத் தொங்கலில். பக்கத்தில் யாரோ சுட்டார்கள். என் கால் மடங்கிப் புல்லில் முழங்கால் குத்தினேன். மேசை இல்லை, கீழே போக இடம் இல்லை. எழும்பி ஓடினேன். எட்னாவின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன்.

எட்னா என் முகத்தை மட்டும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. விசிலை வாயில் வைத்து மூன்று தரம் ஊதினார்.

விதி என்று வாசித்தால் அப்படியே செய்கிறார்கள். எல்லாத் துவக்கும் ஒரே நேரத்தில் இறங்கியது. வோல்டரின் கையில் செப்புத் தொப்பி. இன்னும் மாட்டவில்லை.

எட்னா: "இப்ப சொல்லு. என்ன கண்டனீ?"
நான்: "வோல்டர். ரெண்டு தரம்."
வோல்டர்: "இல்லையே. ஒருக்கால்தான் போட்டனான்." கோபம் இல்லை. உண்மையாகவே ஆச்சரியம்.

யாரும் அவர் பக்கமும் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை. பெர்ட் போய் வோல்டரின் கோலைக் கொண்டுவந்தார். "நீயே போட்டுப் பார்" என்று அவரிடமே கொடுத்தார். வோல்டர் கோலைக் குழலுக்குள் விட்டார். சிவப்பு நூல் மேலே நின்றது.

வோல்டர் அதைப் பார்த்தார். பின்னால் யாரோ பழக்கத்தில் மணிக் கயிற்றைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார். கயிறு ஆடியது, மணி அடிக்கவில்லை.

வோல்டர் என்னிடம் வந்து, தொப்பியைக் கழற்றி, "நன்றி" என்றார். பிறகு துவக்கைப் பெர்ட்டிடம் கொடுத்தார்.

குழலுக்குள் தண்ணீர் விட்டு, கோலின் நுனியில் திருகு மாட்டி, குண்டுகளை இழுத்து எடுத்தார்கள். அரை மணித்தியாலம். அம்மாவிடம் ரீக் கோப்பைச் சோசர் ஒன்றைக் கேட்டார்கள். அம்மா சிங்கைத் தராதவர், சோசரைத் தந்தார். அதில் இரண்டு ஈயக் குண்டு.

சாப்பாட்டு மேசையில் சூப் பரிமாறினோம். இனி வோல்டரை வரவேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். எட்னா தட்டைத் தொடவில்லை. பெர்ட் சூப் குடித்து முடித்து வாயைத் துடைத்தார்.

"அப்ப இனி வோல்டருக்கு ஆர் மருந்து போடுறது?"

உப்பை யார் எடுத்துத் தருவது என்று கேட்கிற மாதிரிக் கேட்டார். மேசையைச் சுற்றிக் கைகள் உயர்ந்தன. ஜோர்ஜின் கையும். நடுங்கிக்கொண்டு.

பெர்ட்: "ஜோர்ஜ், நீ கையை இறக்கு. மருந்து முழுக்கப் புல்லுக்குத்தான்."
வோல்டர்தான் முதலில் சிரித்தார்.
எட்னா: "நான் போடுறன்."

எனக்கு இவர்களைப் போல வேறு யாரையும் தெரியாது.

அம்மா பிறகு குசினியில்: "துவக்குக்குள்ளை ஏன் ஓடினனீ? உனக்கென்ன விசரோ?" என் முழங்காலில் புல்லைத் தட்டிவிட்டார்.

ஒக்ரோபர் 17, திங்கள்

எல்லோரும் நல்ல பிள்ளை என்று சொன்னார்கள். காரில் எட்னா இரண்டு தரம் சொன்னார். அம்மாவும் சாமிப் படத்துக்கு முன்னால் சொன்னார்.

9ஆம் திகதி நான் பார்த்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் அவருடைய கையில் இரண்டு குண்டு போட்ட துவக்கு இருந்திராது. நான் ஒரு தும்மல் நேரம் பிந்தியிருந்தால், எட்னா இன்னும் பத்து அடி தள்ளி நின்றிருந்தால்.

ஒக்ரோபர் 19, புதன்

எட்னா போன் பண்ணினார். அப்பா வேலையில். நான்தான் எடுத்தேன். ஞாயிறு வழமை போல ஏழு மணியாம்.

பிறகு: "வோல்டர் உனக்கு நன்றி சொல்ல வேணுமாம். சொல்லியாச்சு எண்டு சொன்னன். தனக்கு ஞாபகம் இல்லையாம், இன்னொருக்கால் சொல்லப்போறாராம்."

போனில் வோல்டர் வந்து நன்றி சொன்னார். நான் ஓகே என்றேன். வைத்த பிறகு குளிக்கிற அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். அழவில்லை. கொஞ்சம்.

ஞாயிறு சொல்ல வேண்டும். வேலை போனால் போகட்டும் என்று எழுதினால் பொய். போகக் கூடாது. ஆனாலும்.

ஒக்ரோபர் 23, ஞாயிறு

உறைபனி. எட்னாவின் கார்க் கண்ணாடி வெள்ளை.

எட்னா வோல்டருக்கு மருந்து போட்டார். ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிச் செய்தார். மருந்து. துணி. குண்டு. கோலில் நூலைக் காட்டினார். வோல்டர் "கண்டன்" என்றார். பிறகு நடந்து போய்ச் சுட்டார். ஐந்தில் நாலு கறுப்பு வட்டத்துக்குள். அங்கே வேறு ஒருவருக்கும் இன்று நாலு இல்லை.

பெர்ட்: "வேலைக்காரி வைச்சுச் சுட்டால் நானும் நாலு அடிப்பன்."
எட்னா: "உனக்கு ஒரு வேலைக்காரி காணாது."

மத்தியானத்துக்குள் நாலு சோடி அப்படிச் செய்தது. ஒருவர் போட, ஒருவர் பார்க்க. யாரும் சொல்லிச் செய்யவில்லை. தங்களுக்குத் தாங்களே.

திரும்பி வரும்போது அம்மா முன்னால், நான் பின்னால் வோல்டருக்குப் பக்கத்தில். பாதி வழியில் சொன்னேன். எழுதி வைத்திருந்த வசனம் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. அதற்கு முதல் கிழமையே கண்டது. இரண்டு தரம் மருந்து. தொப்பி விழுந்தது. அம்மாவின் வேலைக்காகப் பேசாமல் இருந்தது.

வோல்டர் வெளியே பார்த்தார். வெட்டின சோளக் காணிகள்.

"அது எனக்குத் தெரியும்" என்றார். "வெடிச்ச உடனையே தெரியும். தோள் நாலு நாள் நீலம். எட்னாவுக்குச் சொன்னால் துவக்கைப் பூட்டி வைச்சிடுவா எண்டு பயத்திலை சொல்லேல்லை."

கார் ஓடிக்கொண்டிருந்தது. எட்னா பாதையைப் பார்த்தபடியே பேசினார்.

"நீங்கள் சேர்ட் மாத்தேக்கை நீலத்தைக் கண்டனான். கேக்க எனக்கும் பயம்."

வோல்டர் தன் கையை முன் சீற்றின் மேலால் நீட்டி எட்னாவின் தோளில் வைத்தார். எட்னா எடுக்கவில்லை.

அம்மா திரும்பி: "என்ன சொல்லுகினம்? ஏன் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்?"

முதலில் இருந்து சொன்னேன். என்னுடையது, வோல்டருடையது, எட்னாவுடையது.

அம்மா: "என்ர வேலைக்காகவோ வாயை மூடிக்கொண்டிருந்தனீ?"
"ஓம்."

அம்மா முன்னால் திரும்பிக்கொண்டார். மல்வேர்ன் வரும்வரை தாளம் இல்லை. இறங்கும்போது எட்னா, "அடுத்த ஞாயிறும் ஏழு மணி" என்றார். அம்மா எனக்காகக் காத்திருக்காமல் தானே இங்கிலீஷில் பதில் சொன்னார். "யெஸ். ஐ கம்."

வீட்டுக்குள் வந்து கோட்டுக் கழற்றும்போது: "கொப்பாக்கு இண்டைக்கே சொல்லப்போறன். நீ போய்ப் படு."

படுத்தேன். கண்ணன் குறட்டை. எழும்பி இதை எழுதுகிறேன்.

அப்பா வந்துவிட்டார். கதவில் திறப்புச் சத்தம். அம்மா: "சாப்பிட முதல் ஒரு விசயம் சொல்ல வேணும். இருங்கோ."

கதிரை இழுபடுகிறது. நானும் கீழே போகிறேன்.